கோலிசி 17 வாரத்தில் திரும்பினார், எங்கள் பையனுக்கு மட்டும் ஏன் 9 மாதம்? (முட்டி ஜவ்வு, ரக்பி ஒப்பந்தம்)

26 பிப்ரவரி 2024, இரவு 8.40 | ஃபீனிக்ஸ் மாமா

என் தங்கை மகனுக்கு 21 வயது. ரக்பியில் ஃப்ளாங்கர் (மோதிப் பந்தைப் பறிக்கும் முன்கள ஆட்டக்காரர்), 98 கிலோ. அகாடமி ஒப்பந்தம் இந்த டிசம்பரோடு முடிகிறது. 17-ஆம் தேதி சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்தில் சைட்ஸ்டெப் (சட்டென்று பக்கவாட்டில் திரும்பும் அடி) வைத்தபோது வலது முட்டியில் டப்பென்று சத்தம். யாரும் மேலே விழவில்லை. எம்.ஆர்.ஐ.யில் முட்டியின் நடுவில் இருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு முழுசாக அறுந்திருக்கிறது, உள்பக்க மெனிஸ்கஸும் (மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்திருக்கிறது. ஆபரேஷன், அதற்குப் பிறகு 9 முதல் 12 மாதம் என்கிறார் சர்ஜன்.

தென் ஆப்பிரிக்க ரக்பி கேப்டன் சியா கோலிசிக்கு இதே ஏ.சி.எல். 2023 ஏப்ரல் 22 அன்று நம் டர்பன் கிங்ஸ் பார்க்கில் அயர்லாந்தின் மன்ஸ்டர் கிளப்போடு ஆடியபோது போனது. அவருக்கும் ஆபரேஷன் நடந்தது. ஆகஸ்ட் 19 அன்று கார்டிஃபில் வேல்ஸை எதிர்த்து இறங்கிவிட்டார். எண்ணிப் பாருங்கள், 17 வாரம். அக்டோபர் 28 அன்று உலகக் கோப்பை கையில். ஆக, 9 மாதம் என்பது சாதாரண ஜனங்களுக்குச் சொல்லும் கணக்கு, நல்ல ஆட்களிடம் போனால் 5 மாதம் போதும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

26 பிப்ரவரி 2024, இரவு 10.15 | முட்டி வைத்தியன்

கோலிசிக்கு வந்தது பகுதிக் கிழிசல். உங்கள் பையனுக்கு முழு அறுப்பு. பெயர் ஒன்று, காயம் வேறு.

ஏ.சி.எல்.லில் இரண்டு கற்றைகள் உண்டு. ஒன்று தாங்கி நின்று, முட்டியைத் திருகிப் பார்க்கும் சோதனையில் எலும்பு நழுவாமல் இருந்தால், இருக்கிற ஜவ்வையே காப்பாற்றிக் கொண்டு போக வழி உண்டு. அதில் உயிருள்ள சொந்த ஜவ்வு, சொந்த ரத்த ஓட்டம். முழுசாக அறுந்தால் இரண்டு முனையும் முட்டி நீருக்குள் மிதக்கும். பெரும்பாலும் தானாகச் சேராது. வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து எலும்பில் துளை போட்டுப் புது ஜவ்வாக மாட்ட வேண்டும். அந்த ஒட்டுக்குத்தான் 9 மாதம். சர்ஜன் சொன்னது சரி.

27 பிப்ரவரி 2024, காலை 6.05 | முட்டி வைத்தியன்

நேற்று அவசரமாக எழுதியதை விரித்துச் சொல்கிறேன். மாமாவின் வாதம் எங்கே வழுக்குகிறது என்பது இதில்தான் தெரியும்.

ஒட்டு மாங்கன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிய சில வாரத்தில் இலை துளிர்க்கும். பார்க்கிறவருக்குக் கன்று பிடித்துவிட்டது. ஆனால் ஒட்டுப்போட்ட இடத்தை விரலால் அசைத்தால் கையோடு வந்துவிடும்.

முட்டிக்குள் வைத்த ஒட்டு முதலில் ரத்த ஓட்டமில்லாத நாண். அதன் செல்கள் செத்து, புது ரத்தக் குழாய் நுழைந்து, பழைய நார் கரைந்து, புது நார் வர வேண்டும். இந்த மாற்றத்தில் 6-ஆவது வாரத்திலிருந்து 12-ஆவது வாரம் வரை ஒட்டு மிகவும் பலவீனமாக இருக்கும், வைத்த நாளைவிடவும் பலவீனமாக. அதே வாரங்களில்தான் வீக்கம் வடிந்து, வலி போய், பையன் படியில் தாவி ஏறுவான். "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்லும் காலமும் ஒட்டு அறுந்துபோகச் சுலபமான காலமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. வலியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இங்கே ஏமாந்துபோவோம்.

9 மாதக் கணக்குக்கும் ஆதாரம் இருக்கிறது. டெலவேர், ஆஸ்லோ ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்டது: முட்டியைத் திருகும் விளையாட்டுக்குத் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போட்டால், தள்ளும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி முட்டி காயப்படும் விகிதம் 51 சதவீதம் குறைந்தது. 25 வயதுக்குள் ஒட்டு வைத்து ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அதே முட்டியோ அடுத்த முட்டியோ இன்னொரு முறை போகிறது. உங்கள் பையன் அந்த வயதில்தான் இருக்கிறான்.

27 பிப்ரவரி 2024, மதியம் 1.20 | ஃபீனிக்ஸ் மாமா

பகுதிக் கிழிசல் விஷயம் எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். 5 மாதம் என்ற பேச்சை விட்டுவிடுகிறேன். ஆபரேஷன் மார்ச் 15. அதுவரை பையன் சும்மா படுத்திருக்கிறான், காலைத் தலையணை மேல் மடக்கி வைத்துக்கொண்டு. எந்த நாணை எடுக்கலாம் என்று சர்ஜன் எங்களையே கேட்கிறார்.

27 பிப்ரவரி 2024, இரவு 9.30 | முட்டி வைத்தியன்

முதலில் அந்தத் தலையணையை முட்டிக்கு அடியிலிருந்து எடுங்கள். இன்றைக்கே.

முட்டி மடங்கியே இருந்தால் முழுசாக நீளாத முட்டியாக இறுகும். நீளாத முட்டியோடு ஆபரேஷனுக்குப் போனால் பிறகு அதை நீட்டப் பெரும்பாடு. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள், முட்டி அந்தரத்தில் தொங்கித் தானாக நீளட்டும். ஒரு தடவைக்கு 10 நிமிடம், நாளைக்கு 4 தடவை. கூடவே முன்தொடைத் தசையை இறுக்கி 5 விநாடி பிடித்து விடுவது, 10 முறை, மணிக்கொரு தடவை. வீக்கத்துக்கு ஐஸ் 15 நிமிடம், துணி சுற்றி.

முட்டி அமைதியாக வேண்டும், முழுசாக நீள வேண்டும், முன்தொடை 'எழுந்திரு' என்றால் எழ வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் தேதியைத் தள்ளச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வாரம் தள்ளினால் நஷ்டமில்லை. ஆனால் மெனிஸ்கஸ் கிழிசல் நடுவில் சிக்கி முட்டி பூட்டிக்கொண்டிருந்தால் கதை வேறு, அதற்கு அவசரம் உண்டு. பூட்டுகிறதா என்று சர்ஜனிடம் கேளுங்கள்.

1 மார்ச் 2024, இரவு 7.50 | முட்டி வைத்தியன்

எந்த நாண் என்ற கேள்விக்கு.

பின்தொடை நாண்: வெட்டு சின்னது, முட்டிக்கு முன்னால் வலி குறைவு. ஆனால் பின்தொடையின் பலத்தில் கொஞ்சம் போகும், முட்டியை முழுசாக மடக்கி இழுக்கும்போது தெரியும். ஓரத்தில் முழு வேகத்தில் ஓடும் விங் ஆட்டக்காரருக்கு அது சின்ன விஷயமில்லை. இளவயது ஆட்டக்காரர்களிடம் இது அறுவது சற்று அதிகம்.

முட்டிச் சில்லு நாண்: இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுப்பது. எலும்பு எலும்போடு 6 முதல் 8 வாரத்தில் ஒட்டும், நாண் மட்டும் துளையில் பிடிக்க 8 முதல் 12 வாரம். மோதி விளையாடும் இளைஞர்களுக்குப் பல சர்ஜன்கள் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். குறை என்னவென்றால் மண்டியிட்டால் வலி, அது வருடக்கணக்கில் நிற்கலாம். சில்லு எலும்பு உடைவது அபூர்வம், ஆனாலும் உண்டு.

முன்தொடை நாண்: தடிமனானது, முட்டிக்கு முன்னால் வலி குறைவு. ஆனால் முன்தொடை பலம் திரும்ப நாளாகும்.

98 கிலோ ஃப்ளாங்கர், 21 வயது. என் விருப்பம் சில்லு நாண். இருந்தாலும் சர்ஜனின் கைப்பழக்கம் இதையெல்லாம்விடப் பெரியது. அவர் வாரா வாரம் எதைச் செய்கிறாரோ அதைச் செய்யட்டும். "நீங்கள் அதிகம் செய்வது எது?" என்று நேராகக் கேளுங்கள்.

இன்னொரு கேள்வி: மெனிஸ்கஸைத் தைப்பாரா, வெட்டி எடுப்பாரா? தைத்தால் முதல் 4 முதல் 6 வாரம் ஊன்றுகோல், 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, பாரத்தோடு ஆழமாகக் குந்துவது சுமார் 4 மாதம் கிடையாது. வெட்டினால் சீக்கிரம் நடப்பான், ஆனால் பின்னால் முட்டித் தேய்மானம் சீக்கிரம் வரலாம். தைக்க முடியுமென்றால் தைக்கட்டும்.

2 மார்ச் 2024, காலை 11.10 | வடக்கு மேடை

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆபரேஷன் பில்லைவிட ஒப்பந்தப் பத்திரம்தான் நிறைய வாழ்க்கையை முடித்திருக்கிறது. மாமா, பத்திரத்தை எடுத்து மூன்று இடத்தைப் பாருங்கள். காயத்தில் இருக்கும்போது முழுச் சம்பளம் எத்தனை மாதம்? ஒப்பந்தம் முடிந்த தேதிக்குப் பிறகும் அதே காயத்தின் சிகிச்சைச் செலவு யார் தலையில்? உடற்தகுதி இல்லை என்று சொல்லி ஒப்பந்தத்தை முறிக்க எத்தனை மாதம் கழித்து இடமிருக்கிறது, அதைத் தீர்மானிக்கும் டாக்டர் யார் ஆள்?

2 மார்ச் 2024, மதியம் 2.35 | முட்டி வைத்தியன்

மேலே சொன்னது முழுக்க உண்மை. நான் சேர்ப்பது மெடிக்கல் எய்ட் (மாதச் சந்தா கட்டும் மருத்துவக் காப்பீடு) பக்கம்.

நம் நாட்டில் ஸ்பெஷலிஸ்ட் கேட்பது எய்ட் கொடுக்கும் விகிதத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். நடுவில் விழும் பள்ளத்தை நிரப்பத்தான் கேப் கவர். ஆனால் சில கேப் பாலிசிகளில் தொழில்முறை விளையாட்டுக் காயத்துக்குப் பணமில்லை என்று சின்ன எழுத்தில் இருக்கும். ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் பதில் வாங்குங்கள். இன்னொன்று, டிசம்பரில் வேலை போய் எய்டும் போய், இடைவெளி விட்டுப் புதிதாகச் சேர்ந்தால், ஏற்கெனவே உள்ள காயத்துக்கு 12 மாதம் வரை காத்திருப்பு வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே ஒரு மாதம்கூட சந்தா விடுபடக் கூடாது. குடும்பம் கட்டினாலும் சரி.

தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் மைபிளேயர்ஸ் இருக்கிறதல்லவா, பையன் அதில் உறுப்பினனா என்று பாருங்கள். பத்திரத்தை அவர்கள் கண்ணில் காட்டாமல் கையெழுத்து வேண்டாம்.

19 மார்ச் 2024, காலை 8.00 | ஃபீனிக்ஸ் மாமா

15-ஆம் தேதி முடிந்தது. சில்லு நாண். மெனிஸ்கஸைத் தைத்திருக்கிறார். பையன் வீட்டில். எதற்கெல்லாம் பயப்பட வேண்டும்?

19 மார்ச் 2024, காலை 8.25 | முட்டி வைத்தியன்

கெண்டைக்காலில் இறுக்கமான வலி, கால் சூடாகி வீங்கினால்: ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே டாக்டர். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேரே அவசரப் பிரிவு. காய்ச்சலோடு முட்டி கொதித்து, தையலில் நீர் கசிந்தால்: தொற்று, காத்திருக்க வேண்டாம். மற்ற வலி, கறுப்பு நீலம், பாதம் வரை இறங்கும் வீக்கம், சில்லுக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்துப்போவது எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை.

இரண்டு வாரத்தில் முட்டி இன்னொரு காலைப் போல முழுசாக நீள வேண்டும், 90 பாகை மடங்க வேண்டும். நேராக நீட்டிய காலைத் தூக்கும்போது முட்டி தொய்யக் கூடாது. நீள்வது நாளுக்கு நாள் குறைந்து, முன்னால் ஏதோ தடுக்கிற மாதிரி இருந்தால், உள்ளே தழும்புக் கட்டி முளைத்திருக்கலாம். அதை உடற்பயிற்சியால் மிதித்து நசுக்கப் பார்க்கக் கூடாது, சர்ஜன் பார்த்து எடுக்க வேண்டியது.

6 ஏப்ரல் 2024, மாலை 4.45 | ஃபீனிக்ஸ் மாமா

ஒரு சங்கடம். சித்திரைப் பருவத்துக்கு (சித்ரா பௌர்ணமி) பையன் காவடி எடுப்பதாக அவன் பாட்டி, எங்கள் ஆயா, வேண்டிக்கொண்டார்கள், ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் என்று. 23-ஆம் தேதி. பத்து நாள் விரதம் இப்போதே பேச்சாகிவிட்டது. ஆயாவிடம் நான் எப்படிச் சொல்வது?

6 ஏப்ரல் 2024, இரவு 7.15 | முட்டி வைத்தியன்

23-ஆம் தேதி அவனுக்கு ஆறாவது வாரம் நடக்கும். ஒட்டு பலவீனமாகத் தொடங்கும் நேரம், மெனிஸ்கஸ் தையலும் முழுசாக ஆறியிருக்காது. தோளில் பாரம், வெறுங்கால், சூடான தார் ரோடு, கூட்ட நெரிசலில் யாராவது இடித்துக் கால் ஊன்றித் திரும்பினால் போதும். எடுக்கவே கூடாது. ஆயாவிடம் "சாமி முட்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், அதைப் பத்திரமா வச்சுக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள்.

6 ஏப்ரல் 2024, இரவு 8.02 | மவுண்ட் எட்ஜ்கூம் அக்கா

அவனுக்காகத் தாய்மாமன் நீங்களே எடுங்கள். முறைதானே. பையன் விரதம் இருக்கட்டும், கோயிலில் நாற்காலியில் உட்காரட்டும், பால்குடத்தை அவன் கையால் தொட்டுக் கொடுக்கட்டும். வேண்டுதல் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைப்பதும் உண்டு, பூசாரியிடம் கேட்டால் சொல்வார்.

6 ஏப்ரல் 2024, இரவு 9.40 | முட்டி வைத்தியன்

அக்கா சொன்னது நான் யோசிக்காத வழி, அதுவே சரி. விரதத்தில் மட்டும் ஒரு கவனம். ஆபரேஷன் முடிந்த தொடை வாரக்கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும். இந்த நேரத்தில் புரதம் குறைந்தால் போன தசையைத் திரும்பக் கொண்டுவர மாதக்கணக்காகும்.

98 கிலோவுக்கு, கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தாலும் நாளைக்கு 157 கிராம் புரதம் வேண்டும். கறி, முட்டை இல்லாமல் முடியும். வெந்த பருப்பு ஒரு கப் 18 கிராம். சுகர் பீன்ஸ் வெந்தது ஒரு கப் 15. சோயா மின்ஸ் உலர்ந்தது 100 கிராம் எடுத்தால் 50. அமாசி (புளித்த பால்) ஒரு லிட்டர் 33. பனீர் 100 கிராம் 18. பால் புரதப் பொடி ஒரு கரண்டி 25. கூட்டினால் 159. ஒரே வேளையில் கொட்டாமல் நாலாகப் பிரித்துக் கொடுங்கள். சோறும் கீரையும் மட்டும் சாப்பிட்டு விரதம் இருந்தால் பாதிகூடத் தேறாது. பத்து நாள் முடிந்த பிறகும் காலையில் பீன்ஸ் கறி தொடரட்டும், அது நல்ல பழக்கம்.

9 ஜூன் 2024, மாலை 5.30 | ஃபீனிக்ஸ் மாமா

12 வாரம் ஆகிவிட்டது. காவடி நான் எடுத்தேன், ஆயாவுக்குச் சந்தோஷம். பையன் இப்போது ஓடலாமா? வலியே இல்லை என்கிறான். நேற்று வீட்டு முன்னால் மழைத்தண்ணீரைத் தாண்டிக் குதித்தான்.

9 ஜூன் 2024, இரவு 8.10 | முட்டி வைத்தியன்

குதித்ததற்கு நல்ல திட்டு கொடுங்கள். பிப்ரவரி 27 காலை எழுதியதை அவனையே படிக்கச் சொல்லுங்கள்.

ஓடுவதற்கு வாரக் கணக்கு 12 முதல் 16. ஆனால் கணக்கு தனியாகப் போதாது. முன்தொடை பலம் நல்ல காலில் 70 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒரு காலில் பத்து முறை பாதி குந்தி எழுந்தால் முட்டி உள்பக்கம் சரியக் கூடாது. அரை மணி வேகமாக நடந்த மறுநாள் காலையில் வீக்கம் இருக்கக் கூடாது. வீக்கம் பார்க்கும் முறை: முட்டியின் உள்பக்கக் குழியைக் கீழிருந்து மேலே தடவி நீரை வெளியேற்றி, பிறகு வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழே தடவுங்கள். உள்குழி அலைபோல் நிரம்பினால் நீர் இருக்கிறது, அன்றைக்கு ஓட்டம் இல்லை.

இந்த மூன்றும் சரி என்றால், சமதளப் புல்லில் 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை, 8 சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள். நேர்கோட்டில் மட்டும். பீச் மணலில் வேண்டாம், கால் புதைந்து திரும்பும்.

14 ஜூலை 2024, காலை 9.20 | வடக்கு மேடை

நேற்று கிங்ஸ் பார்க்கில் இருந்தவர்களுக்கு இன்னும் தொண்டை அடைத்திருக்கும். அயர்லாந்தின் பிராலி கடைசி நிமிடத்தில் உதைத்த டிராப் கோல், 25க்கு 24 என்று நாம் தோற்றோம். அதை விடுங்கள். இந்த இழையில் எல்லோரும் முட்டியையே பேசுகிறீர்கள். முட்டிக்கு நாண் மாற்றலாம், தலைக்கு? பாட் லம்பியைப் பாருங்கள். 2014-இல் ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் 55 மீட்டரிலிருந்து உதைத்து நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸை 27க்கு 25 என்று கவிழ்த்த நம் டர்பன் பையன். 28 வயதில் ஓய்வு.

14 ஜூலை 2024, மதியம் 12.50 | முட்டி வைத்தியன்

லம்பி விஷயம் மனதை அழுத்துவது. 2016 ஜூனில் கேப்டவுன் நியூலண்ட்ஸில் அயர்லாந்தின் ஸ்டாண்டர் மோதி லம்பி விழுந்தார், ஸ்டாண்டருக்குச் சிவப்பு அட்டை. அதற்குப் பிறகும் தலையில் அடி, திரும்பத் திரும்ப. நாட்டுக்காக 56 டெஸ்ட் ஆடியவர் 2019 ஜனவரியில் நிறுத்தினார். அந்த முடிவை மதிக்கிறேன்.

தலைக்கான முறை இதுதான். பெரிய ஆட்டங்களில் சந்தேகம் வந்தால் வெளியே கூட்டிப்போய் 12 நிமிடச் சோதனை, ஆட்டம் முடிந்த 3 மணி நேரத்துக்குள் இரண்டாவது, 36 முதல் 48 மணிக்குள் மூன்றாவது. நினைவு தப்பினால், உடல் விறைத்தால், கால் தள்ளாடினால் சோதனையே கிடையாது, அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. திரும்பும் ஏணியில் ஆறு படி: 24 முதல் 48 மணி ஓய்வு, மெல்லிய சைக்கிள், தனி ஓட்டம், மோதலில்லாப் பயிற்சி, டாக்டர் அனுமதித்த பிறகு மோதல், கடைசியில் ஆட்டம். படிக்குப் படி குறைந்தது ஒரு நாள். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே.

இது கெடுவது எங்கே என்றால், சீசன் தொடக்கத்தில் எடுக்கும் அடிப்படைச் சோதனையில். வேண்டுமென்றே மெதுவாகப் பதில் சொல்லிக் குறைந்த மதிப்பெண் வாங்குகிறவர்கள் உண்டு, பின்னால் அடிபட்டாலும் 'முன்பைப் போலத்தான்' என்று காட்ட. அது சொந்த மூளையை அடகு வைக்கும் வேலை. தங்கை மகனிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள் மாமா. கிளப், பள்ளி ஆட்டத்தில் 12 நிமிடச் சோதனையே இல்லை. சந்தேகம் வந்தாலே வெளியே, அன்றைக்குத் திரும்பக் கூடாது. நம் நாட்டில் நடுவர் நீல அட்டை காட்டுவது அதற்குத்தான்.

15 ஜூலை 2024, இரவு 10.05 | ஃபீனிக்ஸ் மாமா

சொல்லிவிட்டேன். எனக்கு வேறு பயம். இந்த ஒரு காயத்தால் 'அடிபடுகிற பையன்' என்ற பெயர் விழுந்துவிடும். பயிற்சியாளர் ஒருவர் காதுபடவே சொல்லிவிட்டார்.

16 ஜூலை 2024, காலை 6.30 | முட்டி வைத்தியன்

அந்த வார்த்தையை நான் ஏற்பதில்லை.

நம் முன்னாள் கேப்டன் ஜான் டி வில்லியர்ஸ் 2002-இல் முதல் டெஸ்டில் சில நிமிடங்களிலேயே முட்டியோடு வெளியேறினார். 2003 உலகக் கோப்பை தோளால் போனது. 2007-இல் சமோவா ஆட்டத்தில் கைத்தசை கிழிந்து, அணி கோப்பை வென்றபோது ஆடுகளத்தில் அவர் இல்லை. 2014 நவம்பரில் கார்டிஃபில் முட்டி மூட்டே விலகியது. எட்டு மாதத்துக்குப் பிறகு திரும்பி, 2015 ஆகஸ்ட் 8 அன்று நம் கிங்ஸ் பார்க்கில் அர்ஜென்டினா ஆட்டத்தில் தாடை உடைந்தது. செப்டம்பரில் உலகக் கோப்பையில் சமோவாவோடு மறுபடி தாடை. ஆனாலும் 109 டெஸ்ட். முட்டி, தோள், கை, தாடை என்று வெவ்வேறு இடம், வெவ்வேறு காரணம். மோதும் ஆட்டத்தில் முன்னால் நின்று மோதியதன் விலை அது.

நம் ஃப்ளாங்கர் ஷால்க் பர்கருக்கு 2006-இல் கழுத்தெலும்பு இணைப்பு ஆபரேஷன், பிறகு முட்டி, 2013-இல் மூளைக்காய்ச்சலில் உயிருக்கே போராட்டம். 2015-இல் உலகின் சிறந்த மறுவருகைக்கான லாரியஸ் விருது வாங்கினார்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போனால்தான் கேள்வி கேட்க வேண்டும். அப்போதும் முதல் கேள்வி, "போன தடவை யார் சீக்கிரம் இறக்கியது?" என்பது.

இன்னொன்று. போன உலகக் கோப்பையில் ஹூக்கர் (ஸ்க்ரம்மின் முன்வரிசை நடுவில் நிற்பவர்) மால்கம் மார்க்ஸ் ஆட்டத்தில் முட்டியை இழந்தபோது, அவர் இடத்துக்கு உதைப்பவரான பொலார்டைக் கூட்டிவந்தார்கள். கெண்டைக்கால் காயத்திலிருந்து அப்போதுதான் எழுந்தவர். அரையிறுதியின் கடைசி உதையும் இறுதியின் 12 புள்ளியும் அவருடையவை.

16 ஜூலை 2024, காலை 7.15 | வடக்கு மேடை

மார்க்ஸுக்கு ஆட்டத்தில் இல்லை, பயிற்சியில் போனது. மற்றது சரி. இறுதியில் மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு ஹூக்கர் போங்கியின் முட்டியும் போய், 37 வயது டியான் ஃபூரி மீதி ஆட்டம் முழுக்க ஹூக்கராக நின்றதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

16 ஜூலை 2024, காலை 7.20 | முட்டி வைத்தியன்

பயிற்சியில்தான். திருத்தத்துக்கு நன்றி.

22 செப்டம்பர் 2024, மாலை 3.00 | ஃபீனிக்ஸ் மாமா

நேற்று நம் டர்பன் ஷார்க்ஸ் அணி உள்நாட்டுக் கரி கோப்பையை எடுத்த சந்தோஷத்தில் எழுதுகிறேன். ஜோர்டன் ஹெண்ட்ரிக்சி கடைசியில் அவ்வளவு தூரத்திலிருந்து உதைத்தபோது எனக்கு லம்பி ஞாபகம்தான், அதே எல்லிஸ் பார்க். பையனுக்கு ஆறு மாதம் முடிந்தது. ஒரு காலில் தாண்டும் சோதனையில் 94 சதவீதம். 90 போதும் என்று பையன் எங்கோ படித்திருக்கிறான். மோதல் பயிற்சி கேட்கிறான்.

22 செப்டம்பர் 2024, இரவு 8.45 | முட்டி வைத்தியன்

90 என்ற வரம்பு உண்டு, ஆனால் அது தனியாக நின்றால் ஏமாற்றும். ஓடுவதற்கு 'நல்ல காலில் 70 சதவீதம்' என்று ஜூனில் எழுதினேனே, அதிலும் இதே ஓட்டை இருக்கிறது, இப்போது திருத்துகிறேன். ஆறு மாதம் பயிற்சி குறைந்ததால் நல்ல காலும் இளைத்திருக்கும். இளைத்த காலோடு ஒப்பிட்டால் சதவீதம் தானாக ஏறும். காயத்துக்கு முன் ஜனவரியில் எடுத்த அளவு அகாடமியில் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். அதோடு ஒப்பிடுவதே நியாயம்.

தூரம் தாண்டுவதிலும் ஒரு தந்திரம் நடக்கிறது. முட்டி வேலை செய்யாவிட்டால் இடுப்பும் கணுக்காலும் ஈடுகட்டித் தூரத்தைக் கொடுத்துவிடும். தரையில் இறங்கும்போது முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுங்கள். விறைப்பாக இறங்கினால் முன்தொடை இன்னும் தூங்குகிறது.

மோதலுக்கு ஏழாம் மாதம் கடந்தபின், இந்த வரிசையில்: முதலில் மண்டியில் நின்று மல்லுக்கட்டு (சில்லு நாண் என்பதால் தடித்த பாய் வேண்டும்), விழுந்து எழும் பழக்கம், டேக்கிள் பை, கேடயம், நடைவேகத்தில் ஒருவருக்கு ஒருவர், அரைவேகம், பிறகு ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியும் நெருக்கும் இடம்) பந்து மேல் குனிந்து நிற்பது. ஃப்ளாங்கருக்கு ஆபத்து அந்தக் கடைசி இடத்தில்தான். கால் ஊன்றியிருக்கும்போது பக்கவாட்டில் வந்து உருட்டிவிடுவார்கள். அதைக் கடைசி வரை வைத்திருங்கள். சைட்ஸ்டெப்பும் இதே மாதிரி: முதலில் 45 பாகைத் திருப்பம், திட்டமிட்டது. பிறகு 90. பிறகு எதிரில் ஆள் வைத்து, எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்லாமல். காயம் வந்தது அந்தச் சொல்லாத திருப்பத்தில்தான்.

ஒப்பந்தம் பற்றி இப்போதே பேசுங்கள், டிசம்பரில் இல்லை. முழு ஒப்பந்தம் தராவிட்டாலும், சிகிச்சை முடியும் வரை மூன்று மாத நீட்டிப்பு எழுத்தில் கேளுங்கள். கேட்காதவனுக்கு யாரும் தருவதில்லை.

18 டிசம்பர் 2024, இரவு 7.25 | ஃபீனிக்ஸ் மாமா

ஒன்பது மாதம் முடிந்து மூன்று நாள். மார்ச் 31 வரை நீட்டிப்புக் கடிதம் கிடைத்தது. நேற்றைய இயந்திரச் சோதனை: வலது முன்தொடை 255 நியூட்டன் மீட்டர், இடது 296. தாண்டும் சோதனை 96. ஜனவரியில் எடுத்த பழைய அளவு வலது 310. ஜனவரி 11 கிளப் ஆட்டத்தில் இருபது நிமிடம் இறக்கலாமா என்று கேட்கிறார்கள். பையன் என்னையே பார்க்கிறான்.

18 டிசம்பர் 2024, இரவு 9.10 | முட்டி வைத்தியன்

வேண்டாம்.

255-ஐ 296-ஆல் வகுத்தால் 86 சதவீதம். பழைய 310-ஆல் வகுத்தால் 82. உடல் எடைக்குப் பார்த்தாலும் கிலோவுக்கு 2.6, இருக்க வேண்டியது 3, அதாவது அவனுக்கு 294. தாண்டுவது 96 வந்திருக்கிறது, தொடை 82-இல் நிற்கிறது, செப்டம்பரில் சொன்ன தந்திரம் இதுதான். மாதக் கணக்கு முடிந்துவிட்டது, முட்டி முடிக்கவில்லை. பை, கேடயம், அரைவேக மோதல் வரை தொடரட்டும். ஆட்டம் இல்லை.

18 டிசம்பர் 2024, இரவு 9.32 | ஃபீனிக்ஸ் மாமா

பிப்ரவரியில் 5 மாதம் என்று வாதாடியவன் நான். இப்போது கிளப்புக்கு நானே போன் செய்து இல்லை என்று சொல்லிவிட்டேன். பையன் பேசாமல் உள்ளே போய்விட்டான், அது தாங்கவில்லை. அந்த 40 நியூட்டன் மீட்டரை எப்படிக் கொண்டுவருவது, அதைச் சொல்லுங்கள்.

18 டிசம்பர் 2024, இரவு 10.20 | முட்டி வைத்தியன்

ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு. உட்கார்ந்து காலை நீட்டும் இயந்திரம், ஒற்றைக் கால், வலது முதலில். 4 சுற்று, சுற்றுக்கு 6 முதல் 8. கடைசி இரண்டு எடுக்கவே முடியாத பாரம் வைக்க வேண்டும், 12 முறை சுலபமாக வந்தால் அது சிகிச்சை இல்லை. இறக்கும்போது 3 விநாடி. சுற்றுக்கு நடுவில் 2 நிமிடம் முழுசாக உட்காரட்டும். இடதுக்கு 2 சுற்று போதும். பிறகு ஒற்றைக் கால் லெக் பிரஸ் 3 சுற்று, சுற்றுக்கு 8. சில்லுக்குக் கீழே வலி பத்தில் மூன்றைத் தாண்டினால் பாரத்தைக் குறைக்காமல் அசைவைக் குறைக்கட்டும், 60 பாகையில் நிறுத்தி 45 விநாடி பிடித்து, 5 முறை. மறுநாள் காலை உள்குழியைத் தடவிப் பார்க்கட்டும். நீர் இருந்தால் ஒரு நாள் தள்ளிவையுங்கள்.

மறுசோதனை ஜனவரி 29, புதன். அதே இயந்திரம், அதே ஆள், காலை நேரம், முந்தின நாள் கால் பயிற்சி இல்லாமல். 294 தாண்டினால் பிப்ரவரியில் பெஞ்சிலிருந்து இருபது நிமிடம், அடுத்த ஆட்டம் நாற்பது, பிறகு அறுபது. எண்ணை இங்கே போடுங்கள், பார்க்கிறேன். பையன் உள்ளே இருக்கிறான் என்றீர்கள், போய்ச் சாப்பிட வையுங்கள்.